கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்: எப்படி வேலை செய்கிறது, எங்கே ஏமாறுகிறது

கல்யாண ஆல்பத்தின் மாதிரிப் படங்களை அனுப்பும்போது ஸ்டூடியோக்காரர்கள் தங்கள் பெயரைக் குறுக்கே போட்டு அனுப்புவார்கள். டிவி சேனல்கள் திரையின் மூலையில் லோகோ வைக்கின்றன. இதையெல்லாம் வாட்டர்மார்க் என்றே சொல்கிறோம், தப்பில்லை. ஆனால் "ஏஐ படமா இல்லையா என்று வாட்டர்மார்க் காட்டிக் கொடுத்துவிடும்", "திருட்டு பிரிண்ட் எந்தத் தியேட்டரில் எடுத்தது என்று வாட்டர்மார்க்கை வைத்துப் பிடித்துவிடலாம்" என்றெல்லாம் செய்தியில் வரும்போது பேசப்படுவது வேறு சரக்கு. அது கண்ணில் படாது. மூலையை வெட்டினால் போகாது. படத்தின் புள்ளிகளுக்குள்ளேயே கலந்திருக்கும்.

இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் பேச்சு இரண்டு எல்லைக்கும் போய்விடுகிறது. ஒரு பக்கம், "ஏதாவது ஆப்பில் போட்டால் அழிந்துவிடும், அவ்வளவுதான்" என்கிறார்கள். இன்னொரு பக்கம், "வாட்டர்மார்க் இருக்கிறது, இனி யாரும் மறுக்க முடியாது" என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. ஏன் என்று பார்ப்பதற்கு நசீர் மேமன் என்ற கணினி அறிவியலாளரின் ஆய்வுகளைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன். பிலானியில் உள்ள பிட்ஸில் படித்தவர், அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டாண்டன் பொறியியல் கல்லூரியில் நீண்ட காலம் பேராசிரியராக இருப்பவர். அங்கே சைபர் பாதுகாப்புப் படிப்பை வளர்த்தவர், சிஎஸ்ஏடபிள்யூ என்ற மாணவர் ஹேக்கிங் போட்டியைத் தொடங்கியவர்.

1998க்கும் 2001க்கும் இடையில் அவர் மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய மூன்று கட்டுரைகள் இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகின்றன. மூன்றுமே "எப்படி ஒளிப்பது" என்பதோடு நிற்காமல் "இங்கே பொய் சொல்லப்போவது யார்?" என்று கேட்பவை. வாட்டர்மார்க்கைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

சட்டைக் காலரில் ஒரு குறி

முன்பெல்லாம் வெளுக்கப் போடும் துணியில், காலரின் உட்பக்கமோ வேட்டியின் ஓரமோ, சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். சேங்கொட்டைச் சாற்றால் போட்ட சலவைக் குறி. எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் காண்பதற்காக வைப்பது. வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. போட்டிருப்பவருக்கு உறுத்தாது, பார்ப்பவருக்குத் தெரியாது. எந்தப் புள்ளி எந்த வீடு என்பது வெளுப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் குறியை வைத்தே ஆளை அடையாளம் கண்ட போலீஸ் வழக்குகளும் உண்டு.

டிஜிட்டல் வாட்டர்மார்க்கிடம் நாம் எதிர்பார்ப்பதும் கிட்டத்தட்ட இதுதான். பொருளைக் கெடுக்கக் கூடாது. வழக்கமான அடி உதைகளுக்குத் தாங்க வேண்டும். ஒரு படத்துக்கு அடி உதை என்றால் வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது, அளவைச் சுருக்குவது, பிரிண்ட் எடுத்து மறுபடி ஸ்கேன் செய்வது. அப்புறம், ஏதோ கொஞ்சம் தகவல் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று இழுத்துக்கொள்பவை. குறியைப் பெரிதாகப் போட்டால் அழியாது, ஆனால் கண்ணுக்குத் தெரியும். நிறைய எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் மெலிந்துபோகும். அதனால்தான் உண்மையான வாட்டர்மார்க்குகள் பெரும்பாலும் கொஞ்ச பிட்டுகளோடு (0 அல்லது 1 என்ற துணுக்குத் தகவல்) நின்றுவிடுகின்றன.

வாட்டர்மார்க் எது இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். என்கிரிப்ஷன் என்பது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை உருமாற்றுவது. வாட்டர்மார்க் போட்ட படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மெட்டாடேட்டா என்பது ஃபைலோடு ஒட்டி வரும் குறிப்பு: எடுத்த தேதி, கேமரா மாடல் போன்றவை. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது கழன்றுவிடும். வாட்டர்மார்க் படத்தின் உடம்பிலேயே இருப்பதால் ஸ்கிரீன்ஷாட்டிலும் கூடவே வரும்.

பிக்சலுக்குள் நடப்பது

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. 156 என்ற சாம்பல் நிறத்துக்கும் 157 என்ற சாம்பல் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒளித்து வைக்க நமக்குக் கிடைக்கும் இடம் இதுதான்.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை: தகவலை 0, 1 என்ற பிட்டுகளாக மாற்று, பிட் 0 என்றால் பிக்சலை இரட்டைப்படை எண்ணாக்கு, 1 என்றால் ஒற்றைப்படையாக்கு. பத்து லட்சம் பிக்சல் உள்ள படத்தில் பத்து லட்சம் பிட் எழுதலாம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தப் படத்தை ஒரு முறை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் கதை முடிந்தது. படத்தைச் சுருக்கும் ஜேபெக் முறை, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைத்தான் முதலில் தூக்கி எறியும். நாம் ஒளித்து வைத்ததும் அங்கேதான்.

1996இல் எம்ஐடி ஆய்வாளர்கள் 'பேட்ச்வொர்க்' என்ற பெயரில் வெளியிட்ட முறை வேறு மாதிரி யோசித்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

பத்து லட்சம் பிக்சல்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறோம், கூட்டத்துக்கு ஐந்து லட்சம். எந்தப் பிக்சல் எந்தக் கூட்டம் என்பதை ஒரு ரகசிய எண் தீர்மானிக்கிறது. இந்த ரகசிய எண்ணுக்குச் சாவி என்று பெயர். சாவியைக் கொடுத்தால் கணினி தாறுமாறாகத் தோன்றும் ஒரு பிரிவினையைச் செய்யும். அதே சாவியை மறுபடி கொடுத்தால் அதே பிரிவினை வரும். இப்போது முதல் கூட்டத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 1 கூட்டு, இரண்டாம் கூட்டத்தில் 1 கழி. அவ்வளவுதான் வாட்டர்மார்க்.

கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு கூட்டங்களின் சராசரியை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். தாறுமாறாகப் பிரித்த இரண்டு பெரிய கூட்டங்களின் சராசரி இயல்பாகவே ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பிக்சல்கள் தங்கள் சராசரியிலிருந்து சுமார் 50 அளவுக்கு முன்பின் சிதறியிருக்கும் படம் என்று வைத்தால், அந்த வித்தியாசம் வழக்கமாக 0.1 அளவில்தான் ஆடும், 0.3ஐத் தாண்டுவதே அபூர்வம். வாட்டர்மார்க் போட்ட படத்திலோ வித்தியாசம் 2. தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பிக்சலிலும் எதுவும் தெரியாது. சாவியோடு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் பளிச்சென்று தெரியும். சாவி இல்லாதவர் வேறு எப்படித் தாறுமாறாகப் பிரித்தாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வரும்.

பாதிப் படத்தை அழித்தாலும், மிச்சப் பாதியில் ஐந்து லட்சம் பிக்சல்கள் சாட்சி சொல்ல இருக்கின்றன. இந்த அமைப்பின் பலமே இந்தக் கூட்டுச் சாட்சிதான்.

அடுத்த ஆண்டு, 1997இல், இங்கமார் காக்ஸ், ஜோ கிலியன், டாம் லெய்ட்டன், தலால் ஷமூன் நால்வரும் எழுதிய கட்டுரை இன்னொரு படி போனது. பிக்சல்களை நேரடியாகத் தொடாமல், படத்தை அலைகளாகப் பிரித்தார்கள். மெதுவாக மாறும் பெரிய அலைகள் படத்தின் உருவத்தைத் தருகின்றன. வேகமாக மாறும் சின்ன அலைகள் நுணுக்கங்களைத் தருகின்றன. ஒளிக்க வேண்டுமானால் யாரும் கவனிக்காத நுணுக்கத்தில்தானே ஒளிக்க வேண்டும் என்று தோன்றும். அவர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள்: படத்துக்கு மிக முக்கியமான ஆயிரம் பெரிய அலைகளில் போடு. அதை அழிக்க நினைப்பவர் படத்தையே அழிக்க வேண்டி வரும். அந்த வாட்டர்மார்க் போட்ட படத்தைப் பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, ஸ்கேன் செய்து பார்த்தார்கள், குறி பிழைத்தது. 

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வாட்டர்மார்க் என்பது ரகசியச் சாவியைக் கொண்டு படம் முழுக்கத் தூவிய மிகச் சின்ன மாற்றங்கள். அதைப் படிப்பது என்பது எழுத்துக் கூட்டிப் படிப்பது அல்ல, புள்ளிவிவரக் கணக்கு. பதில் எப்போதும் "இவ்வளவு உறுதியாக இருக்கிறது" என்றுதான் வரும்.

அழிக்காமலே ஏமாற்றுவது

பேட்ச்வொர்க் படத்தின் மேல் ஓரத்தில் ஒரே ஒரு வரிசை பிக்சலை வெட்டிவிடுங்கள். எல்லாப் பிக்சலும் ஓரிடம் நகர்ந்துவிடும். கண்டுபிடிக்கும் புரோகிராம் முதல் கூட்டம் என்று நினைத்து எடுப்பதில் பாதி இரண்டாம் கூட்டமாக இருக்கும். வித்தியாசம் பூஜ்யம். குறி அப்படியே இருக்கிறது, தேடுபவர் தப்பான இடத்தில் தேடுகிறார்.

கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த ஃபாபியன் பெத்திகோலா 1997இல் 'ஸ்டிர்மார்க்' என்று ஒரு புரோகிராம் எழுதினார். படத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு லேசாக வளைத்து, நெளித்து, ஒரு நல்ல பிரிண்டரில் எடுத்து ஸ்கேன் செய்ததுபோல் ஆக்கும். அன்றைக்குச் சந்தையில் இருந்த பல வாட்டர்மார்க்குகள் அதில் காணாமல்போயின. அதன் பிறகு வந்த முறைகள், படம் எவ்வளவு திரும்பியிருக்கிறது, சுருங்கியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க உதவும் ஒரு வழிகாட்டிக் குறியையும் சேர்த்தே வைக்க ஆரம்பித்தன.

தியேட்டரில் 35 பிட்

நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான உதாரணம் சினிமா. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து வகுத்த டிசிஐ என்ற டிஜிட்டல் சினிமா தரம், படம் ஓட்டும் கருவியே ஓடும்போது வாட்டர்மார்க் போட வேண்டும் என்கிறது. ஃபைலில் முன்கூட்டியே இருப்பதல்ல. திரையிடும் நேரத்தில், அந்தக் கருவி அந்தக் காட்சிக்காகப் போடுவது. அளவு 35 பிட். அதில் 16 பிட் நேரத்துக்கு: வருடத்தைக் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டினால் 35,136 துண்டுகள், அதற்கு 16 பிட் தாராளம். மீதி 19 பிட் இடத்துக்கு: ஐந்து லட்சத்துக்கும் மேல் கருவிகளைப் பிரித்துச் சொல்லலாம். படத்தின் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்குள்ளும் இந்த 35 பிட்டும் முழுதாக இருக்க வேண்டும்.

இரண்டரை மணி நேரப் படத்தில் பல ஜிபி தகவல் இருக்க, குறிக்கு ஐந்து நிமிடத்துக்கு 35 பிட்தானா என்று தோன்றும். போனை மடியில் வைத்துக்கொண்டு, சாய்வாக, முன்சீட்டுக்காரர் தலை மறைக்க எடுத்த வீடியோவிலும் அது பிழைக்க வேண்டுமே. அதற்குக் கொடுக்கும் விலைதான் இந்தச் சிக்கனம்.

இந்தியாவில் 2023இல் வந்த ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம், தியேட்டரில் அனுமதியின்றிப் பதிவு செய்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். ஆனால் வாட்டர்மார்க் சொல்வது எந்தக் கருவி, எந்தக் கால் மணி நேரம் என்பது மட்டும்தான். அன்று அந்த ஸ்கிரீனில் இருந்தவர்களில் யார் போனைத் தூக்கியது என்பதை அது சொல்லாது. "வாட்டர்மார்க் பிடித்துவிடும்" என்று பேசும்போது இந்த இடைவெளியைப் பலரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இரண்டு பேரும் சொந்தக்காரர்கள்

இனி மேமனின் மூன்று கட்டுரைகளுக்கு வரலாம். முதலாவது, ஸ்காட் கிரேவர், பூன்-லாக் யோ, மினர்வா யூங் ஆகியோருடன் சேர்ந்து 1998இல் வெளியிட்டது. இங்கே பொய் சொல்பவர், உங்கள் படத்தைத் தன் படம் என்று உரிமை கொண்டாடும் மூன்றாம் ஆள்.

மீனா ஒரு படம் எடுக்கிறார். ஒரிஜினலைப் பூட்டி வைத்துக்கொண்டு, தன் மார்க்கைச் சேர்த்த பிரதியை வெளியிடுகிறார். சேகர் அதைத் தன்னுடையது என்கிறார். நீதிபதி முன்னால் மீனா ஒரிஜினலைக் காட்டுகிறார்: "வெளியான படத்திலிருந்து இதைக் கழியுங்கள், என் மார்க் வரும்." வருகிறது. வழக்கு முடிந்தது என்றுதானே நினைப்போம்?

சேகர் கெட்டிக்காரர். வெளியான படத்தை அவர் தொடவே இல்லை. அதிலிருந்து தான் இஷ்டப்படி தயாரித்த ஒரு மார்க்கைக் கழித்து, வந்ததை "என் ஒரிஜினல்" என்கிறார். மீனாவின் படத்தில் ஒரு பிக்சல் 150, மார்க் சேர்த்து வெளியானது 152 என்று வையுங்கள். சேகர் தன் மார்க்கான 3ஐக் கழித்து 149 என்று ஒரு "ஒரிஜினல்" செய்கிறார். வெளியான படத்திலிருந்து அதைக் கழித்தால் சேகரின் மார்க் வந்து நிற்கும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது!

நீதிபதி இன்னொரு சோதனை வைக்கிறார்: ஒருவர் ஒரிஜினலில் மற்றவர் மார்க் இருக்கிறதா பார்ப்போம். சேகரின் ஒரிஜினலில் மீனாவின் மார்க் இருக்கிறது, சந்தேகமில்லை, அங்கிருந்துதானே எடுத்தார். ஆனால் பூட்டிய பெட்டியை விட்டு வெளியே வராத மீனாவின் ஒரிஜினலில் சேகரின் மார்க் இருக்கிறதா என்று பார்த்தால், அதுவும் இருக்கிறது! ஏனென்றால் மீனாவின் ஒரிஜினலிலிருந்து சேகரின் போலி ஒரிஜினலைக் கழித்தால் கிடைப்பது சேகரின் மார்க்கிலிருந்து மீனாவின் மார்க்கைக் கழித்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மார்க்குகள் என்பதால், லட்சக்கணக்கான பிக்சல்களில் கூட்டிப் பார்க்கும்போது சேகரின் மார்க் தெளிவாகத் தெரியும். இரண்டு பேருக்கும் எல்லாச் சோதனையிலும் ஒரே மதிப்பெண். முட்டுச்சந்து.

வாட்டர்மார்க் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. யாரும் எதையும் அழிக்கவில்லையே. கட்டுரை சொன்ன தீர்வு, மார்க்கை இஷ்டப்படி தயாரிக்க விடாதே என்பது. ஹாஷ் என்று ஒரு கணக்கு உண்டு: எந்த ஃபைலைக் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு குறுகிய எண்ணைத் தரும், ஒரு பிட் மாறினாலும் எண் மொத்தமாக மாறிவிடும், எண்ணிலிருந்து ஃபைலுக்குத் திரும்பிப் போக முடியாது. மார்க்கை ஒரிஜினல் படத்தின் ஹாஷிலிருந்துதான் உருவாக்க வேண்டும் என்று விதி வைத்துவிட்டால் சேகர் மாட்டிக்கொள்வார். மார்க் வேண்டுமானால் முதலில் ஒரிஜினல் வேண்டும். ஒரிஜினல் செய்ய முதலில் மார்க் வேண்டும். மீனாவிடம் ஒரிஜினல் நிஜமாகவே முதலில் இருந்ததால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

உடைவதற்கென்றே வைப்பது

வாட்டர்மார்க் என்றாலே அழியக் கூடாதது என்று நினைக்கிறோம். நேரெதிரான ஒரு வகையும் உண்டு. எக்ஸ்ரே, விபத்து இடத்துப் புகைப்படம், ஸ்கேன் செய்த ஆவணம் ஆகியவற்றில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்டுவதற்கு, லேசாகத் தொட்டாலும் சிதையும் குறி வேண்டும். இதை எளிதில் உடையும் வாட்டர்மார்க் எனலாம். மேலே நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒற்றைப்படை இரட்டைப்படை முறை இங்கே நன்றாக உதவுகிறது. அதன் பலவீனமே இங்கே தேவை.

எங்கே திருத்தினார்கள் என்றும் தெரிந்தால் நல்லதுதானே என்று, படத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே குறி வைத்தார்கள். ஒரு கட்டத்தை மாற்றினால் அந்தக் கட்டம் மட்டும் சிவப்பாகக் காட்டும். அழகான ஏற்பாடு. 2000ஆம் ஆண்டில் மேத்யூ ஹாலிமனும் மேமனும் இதை உடைத்தார்கள்.

ஒரு தேர்வு வாரியம் எல்லா மதிப்பெண் பட்டியல்களையும் ஸ்கேன் செய்து, ஒரே சாவியால் கட்டம் கட்டமாகக் குறி வைக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். என் பட்டியலில் கணிதம் 41. இன்னொருவர் பட்டியலில் அதே இடத்தில் 91. அவருடைய '9' இருக்கும் கட்டத்தை அப்படியே வெட்டி என் பட்டியலில் ஒட்டுகிறேன். அந்தக் கட்டம் உண்மையாகவே வாரியம் குறி வைத்தது. சோதனையில் பச்சை விளக்குதான். சாவி எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தேவையில்லை. ஹாலிமனும் மேமனும் இதன் முழு வீச்சைக் காட்டினார்கள்: குறி வைத்த படங்கள் போதுமான அளவு கையில் சேர்ந்துவிட்டால், அவற்றின் கட்டங்களைப் பொறுக்கி, நமக்கு வேண்டிய எந்தப் படத்தையும் மொசைக் போல அடுக்கிவிடலாம். ஒவ்வொரு கட்டமும் தேறும். முழுப்படம் பொய்.

கட்டம் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதையும் குறியில் கலந்துவிட்டால் போதும் என்று சொல்லத் தோன்றும். மதிப்பெண் பட்டியலில் அது உதவாது, இரண்டும் ஒரே இடம். எந்தப் படம் என்பதையும் சேர்த்தே குறியில் கட்ட வேண்டும், அல்லது பக்கத்துக் கட்டங்களோடு பிணைக்க வேண்டும். பொய் சொல்பவரிடம் உண்மையான சரக்கு நிறைய இருக்கும் என்பதை முதலில் வடிவமைத்தவர்கள் யோசிக்கவில்லை.

சுருக்கமாக: உரிமையைக் காட்ட அழியாத வகை, கை வைக்கவில்லை என்று காட்ட உடையும் வகை. இரண்டிலும் குறி தன் வேலையைச் சரியாகச் செய்தும் சுற்றியிருக்கும் விதிகள் ஓட்டையாக இருந்தன.

விற்றவரே பொய் சொன்னால்

மூன்றாவது கட்டுரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிங் வா வோங்குடன் சேர்ந்து மேமன் 2001இல் வெளியிட்டது.

ஒரு படத்தை நூறு பேருக்கு விற்கும்போது ஒவ்வொரு பிரதியிலும் வாங்கியவருக்கென்று தனி மார்க் போடலாம். ஆஸ்கார் வாக்காளர்களுக்கு அனுப்பிய பிரதி ஒன்று இணையத்தில் கசிந்தபோது, இப்படித்தான் 2004இல் அகாடமி உறுப்பினர் ஒருவரை அடையாளம் கண்டு நீக்கினார்கள். வாங்கியவர் பொய் சொன்னால் பிடிக்க இது நல்ல வழி.

ஆனால் மார்க் போட்ட பிரதி விற்றவர் கையிலும் இருந்ததே! அவரே, அல்லது அவரிடம் வேலை பார்ப்பவர், கசியவிட்டுப் பழியை வாங்கியவர் மேல் போடலாம். அல்லது உண்மையாகவே திருடிய வாங்குபவர், "என்னிடமிருந்து போகவில்லை, அவர்களிடம் கேளுங்கள்" என்று தப்பிக்கலாம். இந்தச் சிக்கலை 1998இல் சியாவோ, நார்ஸ்டெட் என்ற இரு ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். மேமன், வோங் கொடுத்த தீர்வு: வாங்குபவரின் பிரதியை விற்பவரே பார்க்காமல் தயாரிக்க வேண்டும்.

பார்க்காமல் எப்படிக் குறி போடுவது? என்கிரிப்ஷனில் ஒரு வகையில் இது முடியும். பூட்ட ஒரு பொதுச் சாவி, அதை யாருக்கும் தரலாம். திறக்க ஒரு தனிச் சாவி, அது சொந்தக்காரரிடம் மட்டும். ஆர்எஸ்ஏ என்ற புகழ்பெற்ற முறையைச் சின்ன எண்களில் பார்ப்போம். பூட்டும் விதி: எண்ணின் கனத்தை 33ஆல் வகுத்து மீதியை எடு. 2ஐப் பூட்டினால் 8. 4ஐப் பூட்டினால் 64ஐ வகுத்து மீதி 31. இப்போது பூட்டியதையே பெருக்குங்கள்: 8 பெருக்கல் 31, 248; 33ஆல் வகுத்தால் மீதி 17. சரி, 2 பெருக்கல் 4 ஆன 8ஐ நேரடியாகப் பூட்டிப் பாருங்கள்: 512ஐ 33ஆல் வகுத்தால் மீதி 17. அதே விடை! உள்ளே என்ன எண் இருக்கிறது என்று தெரியாமலே, பூட்டிய நிலையிலேயே பெருக்கிவிட்டோம். நிஜத்தில் 33க்குப் பதில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண் இருக்கும்.

வாங்குபவருக்கான மார்க்கை மூன்றாவதாக ஒரு நம்பிக்கையான அமைப்பு உருவாக்கி, வாங்குபவரின் பொதுச் சாவியால் பூட்டி விற்பவருக்குத் தருகிறது. விற்பவர் படத்தையும் அதே பொதுச் சாவியால் பூட்டி, பூட்டிய நிலையிலேயே மார்க்கைச் சேர்க்கிறார். சேர்க்கும் முன் மார்க்கின் வரிசையைத் தன் இஷ்டப்படி கலைத்துவிடுகிறார். இல்லையென்றால் தன் மார்க்கை அறிந்த வாங்குபவர் அதைக் கழித்துவிடுவாரே. வாங்குபவர் தன் தனிச் சாவியால் திறந்து படத்தை எடுத்துக்கொள்கிறார். விற்பவர் அந்த இறுதிப் பிரதியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. நாளை அது வெளியே கசிந்தால், கசிந்த இடம் ஒன்றுதான் இருக்க முடியும்.

வாட்டர்மார்க் சைபர் பாதுகாப்புத் துறைக்குள் வரும் இடம் இதுதான். படத்தில் என்ன செய்கிறோம் என்பது பாதி வேலை. யார் கையில் எந்தச் சாவி, யார் எதைப் பார்க்கலாம், பார்க்கக் கூடாது என்பது மீதி.

ஏஐ படமும் ஏஐ எழுத்தும்

கூகுள் டீப்மைண்ட் 2023 ஆகஸ்டில் 'சிந்த்ஐடி' என்ற வாட்டர்மார்க்கை அறிவித்தது. ஏஐ உருவாக்கும் படத்திலேயே கண்ணுக்குத் தெரியாத குறி. எழுத்துக்கும் இப்படிச் செய்யலாம். மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் காட்டிய வழி, நம் பேட்ச்வொர்க்கின் தம்பி மாதிரி. ஏஐ ஒவ்வொரு சொல்லாக எழுதும்போது, முந்தைய சொல்லையும் ரகசியச் சாவியையும் வைத்து, அகராதியைப் பச்சை, சிவப்பு என்று இரண்டாகப் பிரிக்கிறது. பச்சைச் சொற்கள் பக்கம் லேசாகச் சாய்கிறது. பாதிக்குப் பாதி பிரித்தால், மனிதர் எழுதிய 200 சொல்லில் பச்சை சுமார் 100 இருக்கும், ஏழெட்டு கூடக் குறைய. 140 இருந்தால் தற்செயல் என்று சொல்ல முடியாது.

இங்கேயும் "பொய் சொல்லப்போவது யார்?" என்ற அதே கேள்வியைக் கேட்டால் வதந்திகள் தெளியும். ஏஐ படத்தை நிஜம் என்று சொல்லப் பார்ப்பவர் குறியை அழிக்க முயல்வார், அல்லது குறியே வைக்காத ஏதாவதொரு இலவச மாடலைப் பயன்படுத்துவார். ஆகவே குறி இல்லை என்பது எதற்கும் ஆதாரமில்லை. எழுத்தில் இன்னும் சுலபம். வேறொரு ஏஐயிடம் கொடுத்து மாற்றி எழுதச் சொன்னால் பச்சைக் கணக்கு கலைந்துவிடும். அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட் முதலியவை 2021இல் தொடங்கிய சி2பிஏ என்ற அமைப்பு வேறு பாதையில் போகிறது: படம் எங்கே எப்படி உருவானது என்ற குறிப்பில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு ஒட்டுகிறார்கள். போலியாகத் தயாரிப்பது கடினம், ஆனால் அடிப்படையில் அது மெட்டாடேட்டா. ஸ்கிரீன்ஷாட்டில் கழன்றுவிடும்.

எதிர்ப்பக்கப் பொய்யனும் உண்டு. அவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. தனக்குச் சங்கடமான ஒரு நிஜப் புகைப்படத்தை, குறி வைக்கும் ஏதாவது ஏஐ கருவியில் போட்டு மூலையில் எதையோ லேசாகத் திருத்தி வாங்கி, அந்தப் பிரதியைப் பரப்பிவிட்டு, "பாருங்கள், இதில் ஏஐ குறி இருக்கிறது" என்று சொல்பவர். குறி இருக்கிறது என்றால் அந்தக் கருவியின் வழியாக அந்தப் படம் வந்தது என்றுதான் பொருள். படத்தில் உள்ள காட்சி நடக்கவில்லை என்று பொருள் அல்ல.

சோதிக்கும் கருவியை யார் கையில் கொடுப்பது என்பது அடுத்த தலைவலி. எல்லோருக்கும் கொடுத்தால்தான் பொதுமக்கள் படத்தைச் சோதிக்க முடியும். எல்லோருக்கும் கொடுத்தால், அழிக்க நினைப்பவர் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி, "இன்னும் இருக்கிறதா?" என்று அதனிடமே கேட்டுக்கொண்டே போகலாம். இசைத் துறையின் எஸ்டிஎம்ஐ அமைப்பு 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் தன் ஆடியோ வாட்டர்மார்க்குகளை உடைத்துப் பாருங்கள் என்று பரிசு அறிவித்தபோது, போட்டியாளர்கள் அனுப்பும் ஃபைலில் குறி மிச்சம் இருக்கிறதா என்று சொல்ல இப்படி ஒரு சோதனை வசதியும் வைத்திருந்தார்கள். எட் ஃபெல்டன் தலைமையிலான பிரின்ஸ்டன் குழு அந்த வசதியையும், குறி உள்ள பாட்டு, இல்லாத பாட்டு என்று ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளையும் வைத்துக்கொண்டு சில வாரங்களில் வேலையை முடித்தது. கட்டுரையை வெளியிடப் போனபோது வழக்கு மிரட்டல் கடிதம் வந்ததால், 2001 ஏப்ரலில் பேசவிருந்ததை ஆகஸ்டில்தான் பேச முடிந்தது.